தேக ஆரோக்கியத்துடனும் தெளிந்த மனதுடனும்

நம் பத்திர எழுத்தர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். பத்திரம் எழுதுவது எப்படி என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். நாலு எல்லையும் சர்வே எண்ணும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததைக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். ஆகவே எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். பயம். அதில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன்.

நம்முடையது பயத்தில் நடக்கிற தொழில்தான். நிலம் வாங்குகிறவன் சந்தோஷமாக வருவான், விற்கிறவன் அவசரமாக வருவான். நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒருவனாவது பயப்பட வேண்டாமா? விற்கிறவனுக்கு இன்னொரு சம்சாரம் இருக்குமோ, கிழக்கே பொதுப்பாதை என்கிறார்களே, அது வாய்க்காலாக இருக்குமோ, செத்துப்போனதாகச் சொல்லும் தம்பி எங்காவது நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பானோ என்றெல்லாம் சந்தேகப்படத்தான் நமக்குக் கூலி. நான் கூலிக்கு மேலேயே சந்தேகப்பட்டேன். ஒருமுறை, பல வருஷம் முன்பு இறந்துவிட்டதாக அண்ணன்காரன் கண்ணீரோடு சொன்ன தம்பியை, குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்குக் காளி வேஷம் கட்டி ஆடும்போது கண்டுபிடித்தேன். நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, நீங்க உயிரோட இருக்கதுக்கு எழுத்துல ஏதும் வச்சிருக்கீயளா?" என்பதுதான். அதிலிருந்து எனக்குப் பெயர் வந்துவிட்டது. அம்பாசமுத்திரத்திலிருந்துகூட பஸ் ஏறி என்னிடம் எழுத வந்தார்கள். "அந்த அண்ணாச்சி ஒருக்கா சந்தேகப்பட்டுட்டாருன்னா அப்புறம் ஒரு வில்லங்கமும் வராது" என்பது பேச்சு.

இதனால் ஒரு கெடுதல் நடந்தது. எனக்குப் பதற்றம் என்று ஒரு வியாதி இருப்பதை யாருமே கண்டுபிடிக்கவில்லை. நானும்தான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து மூன்று தடவை திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "பத்திரக்காரருல்லா, அப்பிடித்தான் இருப்பாரு" என்று எங்கள் தச்சநல்லூர்த் தெருவே என்னைப் பார்த்துப் பெருமைப்பட்டது. பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பாலத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்கும் தொழில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்கு நாற்பத்தெட்டு வயதில், கையெழுத்து சிறுக்க ஆரம்பித்தது. அப்போதெல்லாம் பத்திரம் கையால்தான் எழுதுவேன். முதல் வரி வழக்கம்போல இருக்கும். பத்தாவது வரி கடுகாகிவிடும். ஒரு விவசாயி பத்திரத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஒரு ஏக்கரை எழுதச் சொன்னா அரை செண்டுல எழுதி முடிச்சிட்டீயளே" என்றார். பதிவு அலுவலகத்தின் தலைமை எழுத்தர் என் பத்திரங்களுக்கென்றே ஒரு லென்ஸ் வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டார். பிறகு வலது கை சும்மா இருக்கும்போது ஆட ஆரம்பித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூக்குப்பொடி எடுப்பதுபோல் உருட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு பேர் மரியாதையாகத் தங்கள் பொடி டப்பாவை நீட்டினார்கள். மற்றவர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். "காலையிலயே ஆரம்பிச்சிருதாரு போல" என்று டீக்கடையில் பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து ஏதாவது எழுதச் சொன்னார். என்ன எழுத என்றேன். எதை வேண்டுமானாலும் என்றார். எல்லாப் பத்திரத்திலும் முதல் பாராவில் நாம் போடுவோமே, அந்த வரிதான் பழக்கதோஷத்தில் வந்தது. 'தேக ஆரோக்கியத்துடனும் தெளிந்த மனதுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும்' என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் அதைக் கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "பார்க்கின்சன்" என்றார். நடுக்குவாதம்.

ஒரு சொத்துக்குக் கேட்கிற கேள்வியை எல்லாம் அவரிடம் கேட்டேன். இது எங்கிருந்து வந்தது, எத்தனை வருஷத்துக்கு, என் மகனுக்குப் போய்ச் சேருமா. அவர் பொறுமைசாலி. "போகாது. பைய கூடிக்கிட்டே வரும். மாத்திரை இருக்கு, வேலை பார்க்கலாம்" என்றார். "கேட்டதும் பயமா இருக்கு டாக்டர்" என்றேன். "கேக்குறதுக்கு முந்தி இல்லையோ?" என்றார். "பதற்றமும் இந்த வியாதிக்குப் பங்காளிதான். கை ஆடுனா பயம் கூடும், பயம் கூடுனா கை ஆடும். உங்க சுபாவம்னு நினைச்சு விட்டுராதீங்க. அதுக்கும் மருந்து தாறேன்." ஊரே மெச்சிய என் கெட்டிக்காரத்தனத்தில் பாதி, சீட்டில் எழுதி மருந்துக்கடையில் நீட்டுகிற சமாச்சாரம் என்று கேட்டபோது, நடுக்குவாதத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது.

என் மனைவி கோமதி ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் ஒரு நோட்டையும் பென்சிலையும் என் முன்னால் வைத்தாள். "பத்திரக் கடைசியில சொத்து விவரம்னு ஒண்ணொண்ணா எழுதுவீங்கல்லா, அது மாதிரி எதுக்கெல்லாம் பயமா இருக்குன்னு எழுதுங்க. மொத்தமா பயம் பயம்னா நா என்னத்தச் செய்ய" என்றாள். உட்கார்ந்து எழுதினேன். பதினேழு இனம் வந்தது. பந்தியில் ரசம் ஊற்றும்போது இலையை விட்டுக் கை நழுவுமோ, கல்யாண வீட்டில் யாராவது கை குலுக்க வருவார்களோ, ஆற்றுப்பாலம், அலுவலகத்தில் தெரிந்தால் லைசென்சைப் பிடுங்கிவிடுவார்களோ. வில்லங்கம் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாக அலசியதில், பதினைந்துக்கு மூலப்பத்திரமே இல்லை. எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது, வந்து குடியிருந்தன. பயம் போய்விடவில்லை. ஆனால் எதற்குப் பயம் என்று தனித்தனியாகத் தெரிந்ததில், மூச்சு விட இடம் கிடைத்தது.

நிஜமாக மிஞ்சிய இரண்டில் ஒன்று வியாதி, இன்னொன்று லைசென்ஸ். கை நடுங்குகிறவனிடம் யார் பத்திரம் எழுத வருவார்கள்? ஆகவே மறைத்தேன். ஒரு டைப்ரைட்டர் வாங்கி, டைப் அடிக்க ஒரு பெண்ணை அமர்த்தி, "இனிமேல் எல்லாம் நவீன முறை" என்று அறிவித்தேன். அப்போதிருந்த சார்பதிவாளர் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டி, மற்றவர்களை என்னிடம் கற்றுக்கொள்ளச் சொன்னார். எழுதியவர் என்ற இடத்தில் போடும் கையெழுத்தை மட்டும், மாத்திரை நன்றாக வேலை செய்யும் காலை நேரத்தில் வீட்டிலேயே போட்டு வைப்பேன். வலது கையில் எந்நேரமும் ஒரு தோல்பை. எதையாவது பிடித்திருந்தால் ஆட்டம் தெரியாது. குளிக்கும்போது தவிர அந்தப் பையை நான் கீழே வைத்ததில்லை. "உள்ள என்னவே இருக்கு?" என்று கேட்டவர்களுக்குத் "தஸ்தாவேஜு" என்றேன். உள்ளே வாழைப்பழம்தான் இருந்தது.

சுடலைமுத்து என்பவர் வந்தது இந்தச் சமயத்தில்தான். செங்கோட்டை மலைப்பாதையில் முப்பது வருஷம் மரலாரி ஓட்டி ஓய்ந்தவர். மகள் இசக்கியம்மாள் கூட வந்திருந்தாள். புருஷன் விட்டுப் போன பிறகு அப்பா வீட்டில் தையல் மெஷின் போட்டுக்கொண்டு, அவருக்குச் சோறு ஊட்டுவதிலிருந்து சட்டைப் பித்தான் போடுவது வரை எல்லாம் அவள்தான். மகன் மாரியப்பன் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலையாக இருந்தான். அவனுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் முன்பே செய்து முடித்தாயிற்று. தான் கட்டிய வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் தன் காலத்துக்குப் பிறகு வீடு பங்காகி அவள் மெஷினோடு தெருவுக்கு வந்துவிடுவாள் என்பது சுடலைமுத்துவின் கவலை. இதைச் சொல்லி முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அசைந்தது அவருடைய கைதான், பொடி எடுப்பதுபோல.

எனக்குப் பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. அவர் கை வெளியே, என் கை தோல்பையில். அதுதான் வித்தியாசம். உங்களுக்கும் எனக்கும் ஒரே வியாதி என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால், உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரே. சார்பதிவாளரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவரும் அதைத்தான் கேட்பார். இது என் முதல் தப்பு. இரண்டாவது தப்பு, டைப் அடிக்கும் பெண்ணிடம் வழக்கமான வாசகத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போனது.

பத்திரம் தயாரான பிறகும் சுடலைமுத்து இரண்டு தடவை வராமல் போனார். முதல் தடவை பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிவிட்டார். இரண்டாவது தடவை அலுவலக வாசலில் கூட்டத்தைப் பார்த்துக் கால் நகராமல் நின்று, அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டுக்கே அதிகாரியை வரவழைக்கலாம் என்றால், தெருவே வேடிக்கை பார்க்குமே என்று அதற்கும் பயம். "அண்ணாச்சி, இன்னொருக்கா கூட்டியாறேன். அதுக்கு மேல எங்கப்பா வரமாட்டாரு, எனக்குத் தெரியும்" என்றாள் இசக்கியம்மாள். மூன்றாவது தடவை வந்தே விட்டார். அவருடைய மாத்திரை ஒரு மணி வரை தாங்கும் என்றாள் மகள். எங்கள் முறை பன்னிரண்டு மணிக்கு வந்தது.

என்னைப் பாராட்டிய சார்பதிவாளர் மாற்றலாகிப் போயிருந்தார். அவர் இடத்தில் இருந்தவர் சேலம் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் அதிகாரி. சின்ன வயது, நேர்மையானவர், ஒரு வரி விடாமல் படிப்பவர். நம்மைப் போன்றவர்களுக்கு இந்த மூன்றும் சேர்ந்து வருவது கஷ்டம். அவர் பத்திரத்தைப் பிரிக்கும்போதே, யாரோ சொல்லிவிட்டதைக் கேட்டுத் தூத்துக்குடியிலிருந்து ஓடிவந்த மாரியப்பன் வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தான்.

"அம்மா, ஒரு நிமிசம். எங்கப்பாவப் பாருங்க, எப்பிடி நடுங்குதாருன்னு. எங்கக்கா மிரட்டிக் கூட்டிட்டு வந்திருக்கா. நா வீட்டுக்கு வரும்போதெல்லாம் இப்பிடித்தான் நடுங்குதாரு. எங்கிட்ட ஒரு வார்த்த பேச விடமாட்டேங்கா."

அவன் பொய் சொல்லவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னான்.

அதிகாரி சுடலைமுத்துவைப் பார்த்தார். "பெரியவரே, இந்த வீட்டை உங்க மகளுக்கு எழுதிக் குடுக்கறீங்களா? சம்மதம்தானா?"

சுடலைமுத்து வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. "எப்பா, சொல்லுங்க" என்று இசக்கியம்மாள் முதுகைத் தொட்டாள். "நீங்க பேசக் கூடாது. வெளியே நில்லுங்க" என்றார் அதிகாரி. அவள் வெளியே போனதும் அவருக்கு நடுக்கம் இன்னும் கூடியது. அதிகாரி அதையும் கவனித்தார். பிறகு பத்திரத்தின் முதல் பாராவை நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"தேக ஆரோக்கியத்துடனும்..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "யாருக்கு?"

"அது வழக்கமா போடுறது மேடம்."

"அடுத்ததா, பிறர் தூண்டுதல் இன்றியும்னு இருக்கே. அதுவும் வழக்கமா போடுறதுதானா?"

முதல் வார்த்தை பொய்யென்றால் கடைசி வார்த்தையை எதற்கு நம்ப வேண்டும்? நான் அவர் இடத்தில் இருந்தால் இதையேதான் கேட்டிருப்பேன். "நிலுவையில வச்சிடறேன். விசாரிச்சிட்டு இன்னொரு நாள் பாக்கலாம்" என்று அவர் பேனாவை எடுத்தார். மணி பன்னிரண்டே முக்கால்.

இந்த இடத்தில்தான், தம்பிகளே, எனக்கு இரண்டு வழி இருந்தது. சும்மா இருந்திருந்தால் என் ரகசியமும் லைசென்சும் பத்திரமாக இருந்திருக்கும். பத்திரம் நிலுவையில் போவது நம் தொழிலில் தினம் நடப்பது. ஆனால் அந்த மனிதர் நாலாவது தடவை வரமாட்டார். அவருக்கு வாயும் புத்தியும் மனசும் இருந்தும், கை ஆடுகிறது என்பதற்காக அவர் பேச்சு அவர் பேச்சில்லை என்று ஆகப் போகிறது. நாளைக்கு எனக்கும் இதே நாற்காலிதான். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் என் மேல்தான்.

"அந்த வரி தப்பு மேடம். திருத்திக் குடுத்திருதேன்" என்றேன்.

"இங்கேயே திருத்துங்க. என் முன்னால, பேனாவுல."

தோல்பையைக் கீழே வைத்தேன். இத்தனை மாதம் அடைந்து கிடந்த கை வெளியே வந்ததும், அத்தனை நாள் பாக்கியையும் சேர்த்து ஆடியது. 'தேக ஆரோக்கியத்துடனும்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'நடுக்குவாத நோய் இருந்தபோதிலும்' என்று எழுதினேன். மூன்று வார்த்தைக்கு ஐந்து நிமிஷம். 'இருந்தபோதிலும்' முடியும்போது எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை. தலைமை எழுத்தர் லென்ஸை எடுத்து மேடம் பக்கம் நகர்த்தினார்.

"உங்களுக்கு என்ன? நீங்க ஏன் நடுங்கறீங்க?" என்றார் அதிகாரி.

"எனக்கும் அவருக்கும் ஒரே வியாதி மேடம். என்னைய யாரும் மிரட்டல, நீங்க பாக்குற பார்வையத் தவிர."

"அப்போ அண்ணாச்சி குடிக்கிறதில்லையா?" என்றார் தலைமை எழுத்தர். குரலில் ஏமாற்றம் இருந்தது.

அதிகாரி முகம் கொஞ்சம் இளகியது. "சரி. அப்போ இது பயம் இல்லை, வெறும் நடுக்கம்தான். அப்படித்தானே?"

தலையை ஆட்டினால் போதும், பதிவு முடிந்துவிடும். ஆட்டத்தான் போனேன். ஆனால் வழக்கத்துக்காக ஒரு பொய்யை எழுதித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். அவசரத்துக்காக இன்னொன்றைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்ல மேடம். பயமும் இருக்கு. அவருக்கு நிறைய இருக்கும், எனக்கும் நிறைய இருக்கு. வியாதியிலயே வாறதுதான். ஆனா எதுக்குப் பயம்னு ஒண்ணொண்ணா கேளுங்க. கேட்டுட்டு ஒரு நிமிசம் பொறுங்க. அதுக்குள்ள யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது."

அவர் மாரியப்பனையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, "பெரியவரே, எதுக்கெல்லாம் பயமா இருக்கு?" என்றார். எல்லோரும் காத்திருந்தோம். ஓர் அரசு அலுவலகத்தில் ஒரு நிமிஷம் யாரும் பேசாமல் இருப்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அந்த ஃபேனு" என்றார் சுடலைமுத்து. எல்லோரும் மேலே பார்த்தோம். "ஒரு போல்ட்டு லூசா கெடக்கு. நா டிரைவரு, எனக்குச் சத்தம் தெரியும்."

அதிகாரி நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டார். "வேற?"

"ஒண்ணுக்கு வந்துருமோன்னு பயம்."

"வேற?"

"பஸ்சுல ஏறயில காலு நகராது. பின்னால நிக்கவன் வைவான். அதுக்குப் பயம்."

"மகளுக்குப் பயமா?"

"மாத்திரை அவ மடியில இருக்கு. நீங்க வெளிய அனுப்பிட்டீய. எங்கனயாவது போயிருவாளோன்னு பயம்."

"வீட்டை எழுதிக் குடுக்கறதுக்கு?"

இந்த முறை அதிக நேரம் எடுக்கவில்லை. "அதுக்கு எதுக்குப் பயம்? நா கட்டுன வீடு. நா பெத்த மவ."

அதிகாரி எழுதிக்கொண்டார். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவர் நிமிர்ந்து, "உங்க மகன் வரும்போதெல்லாம் நடுங்கறீங்களாமே. அவர்கிட்ட பயமா?" என்றார். வாசலில் மாரியப்பன் நிற்பது எனக்குத் தெரிந்தது.

"அவங்கிட்ட என்ன பயம்? அவன் வந்தா சந்தோசம்லா." சுடலைமுத்து மூச்சு வாங்கிக்கொண்டார். "சந்தோசத்துக்கும் இது ஆடும். அவன் வாரான்னு தெரிஞ்சா முந்துன நாளே ஆட ஆரம்பிச்சிரும். அத அவன் பயம்ங்கான்."

"அதை ஏன் அவர்கிட்ட சொல்லலை?"

"நா வாயத் தொறக்க முன்ன அவன் அடுத்த கேள்விக்குப் போயிருதான்."

வாசலோரச் சுவரில் முத்திரைக் கட்டண அட்டவணை ஒன்று மாட்டியிருக்கும். மாரியப்பன் அதன் பக்கம் திரும்பி வெகுநேரம் படித்தான். அதில் படிக்க ஒன்றுமில்லை என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

பெருவிரல் ரேகை மூன்று தடவை இழுபட்டது. மாரியப்பன் ஓடிவந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தான். "கையை விடுங்க. இப்போ நீங்க பண்றதுதான் கட்டாயப்படுத்தறது" என்று அதிகாரி அதட்டினார். நாலாவது தடவை சுடலைமுத்து தானாகவே வைத்தார். ரேகை சுத்தமாக விழுந்தது.

என் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லைசென்சை யாரும் பிடுங்கவில்லை. அதற்கப்புறமும் எட்டு வருஷம் தொழில் பார்த்தேன். ஊருக்குள் விஷயம் அன்று சாயங்காலமே பரவிவிட்டது. குடிகாரன் என்று நினைத்தவரை என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள்; நோயாளி என்று தெரிந்ததும் பாவம் என்றார்கள். முந்தினதே தேவலை என்று பலநாள் எனக்குத் தோன்றியது. பயமும் விட்டுவிடவில்லை, மாத்திரையில் பாதி அடங்கும், மீதியோடு பஸ் ஏறிப் பாலத்தைக் கடப்பேன். ஆனால் அந்த வரியை அதற்குப் பிறகு நான் கேட்காமல் போட்டதில்லை. "உடம்பு எப்படி இருக்கு, மனசு எப்படி இருக்கு, யாராவது சொல்லி வந்தீயளா?" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் இருப்பேன். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குக் கிடைத்த சங்கதிகள் எந்த வில்லங்கச் சான்றிலும் கிடைத்ததில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் அந்த வரி தானாகவே வந்து விழுகிறது என்று கேள்விப்பட்டேன். விழட்டும். ஆனால் உங்கள் முன்னால் ஒருவர் கை நடுங்கினால், காரணத்தை நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள்.

அன்றைக்குப் பதிவு முடிந்து நாங்கள் நாலு பேரும் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். என் தோல்பை அலுவலக மேஜையடியிலேயே கிடந்தது, எடுக்கத் தோன்றவில்லை. இரண்டு கைகளும் ஆடுவதைப் பார்த்த கடைக்காரர், ஒன்றும் கேட்காமல் எனக்கும் சுடலைமுத்துவுக்கும் பாதிப் பாதி கிளாஸாக டீ கொடுத்தார். பத்திரத்தைப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளக் கொடுத்த ரசீதை சுடலைமுத்து கையில் வைத்திருந்தார். அது காற்றில் ஆடுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

"இப்ப பயம் விட்டுட்டா?" என்று கேட்டேன்.

"எங்க விடுது? இந்த ரசீதத் தொலைச்சிருவேனோன்னு இப்ப அது வந்துட்டு."

"எங்கிட்ட குடும், நா வச்சிருக்கேன்."

அவர் என் கையைப் பார்த்தார். "வேண்டாம்வே. உம்ம கை என்னுதவிட மோசமா இருக்கு."

இசக்கியம்மாள் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. பெஞ்சின் மறு ஓரத்தில் தலையைக் குனிந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்த மகன் பக்கம் ரசீதை நீட்டினார். "ஏலே, இத நீ வச்சுக்கோ. பத்திரம் வாங்க நீதான் அக்காவக் கூட்டிட்டு வரணும்."

மாரியப்பன் கிளாஸைக் கீழே வைத்தான். எழுந்து இரண்டு கையாலும் வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு அப்பாவுக்குப் பின்னால் நின்று, அவர் கால் நகரும்வரை பொறுத்திருந்து, பைய நடத்திக்கொண்டு போனான். பஸ் நிறுத்தம் போய்ச் சேரும்வரை பத்தடிக்கு ஒரு தடவை அவன் கை சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனது.